நாம் மூடச் சொன்ன நோட்டு

ஜெயம்மாள் இயற்கை எய்தவில்லை. நாம் கொன்றோம்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணியில் "இயற்கை எய்திய வீராங்கனை" என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. எழுதிய பெயிண்டர் மேல் குற்றமில்லை. எழுதிக் கொடுத்தது சங்கம். அந்தச் சங்கத்தின் துணைச் செயலாளர் நான். ஆகவே வணக்கம் சொல்வதற்கு முன்பே பொய்யைத் திருத்திவிட்டேன். இனி முறைப்படி வணங்குகிறேன்.

இந்தப் படத்திறப்புக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் தணிகைவேல் அவர்களே. துணைத்தலைவர் அஹமது பாஷா அவர்களே. தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெந்துபோன பெரியோர்களே. காயப்போட்ட தோலோடு சேர்ந்து தாமும் வெயிலில் காயும் தாய்மார்களே. வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தோழர்களே. டீக்கடை ஓரமாக நின்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளிகளின் ஆட்களே, உங்களுக்கும்தான். முதல் வரிசையில் மடியில் மகளை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் ஜெயம்மாளின் கணவர் அருணகிரி அவர்களே, உங்களுக்கு வணக்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. வணக்கம்.

கை தட்டாதீர்கள். தட்டுவதற்கு இன்று ஒன்றும் இல்லை.

மஞ்சள் காமாலை வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனாள், இருபத்தாறு வயதில் போய்விட்டாள் என்று ஊர் பேசுகிறது. அவ்வளவுதானா? காமாலை காற்றில் வந்ததா? பாலாற்றுத் தண்ணீரில் வந்ததா? பாலாற்றின் மேல் பழி போடுவது நமக்குப் பழக்கம். அந்த ஆறு ஏற்கெனவே தொட்டிகளின் கழிவைச் சுமந்து செத்துக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இதையும் கட்ட வேண்டாம். இந்தக் காமாலை ஓர் ஊசி முனையில் வந்தது. அந்த ஊசி நம் சங்க வாசலில், நம் கொடிக்குக் கீழே, நாம் விரித்த பாயில், நாம் பிடித்த கையில் இறங்கியது.

வெளியூர்த் தோழர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருஷத்து வேலைநிறுத்தத்தின்போது உறுப்பினர் பட்டியல் எழுதி வைத்தோம். அந்தப் பட்டியல் எப்படியோ முதலாளியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. இருபத்தேழு பேருக்கு வேலை போயிற்று. அதே வேலைநிறுத்தத்தில், முதல் நாள் நம்மோடு பந்தலில் உட்கார்ந்தவர்கள் சிலர் மறுநாள் பின்வாசல் வழியாக உள்ளே போய் வேலை செய்தார்கள். இரண்டு காயம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தைக் கண்டுபிடித்தோம். இனிமேல் காகிதமே வேண்டாம். ஒவ்வொரு உறுப்பினரின் முன்கையிலும் சங்கச் சின்னத்தைப் பச்சை குத்திவிடுவோம். ஒரு வட்டம், அதற்குள் தோல் சீவும் கத்தி. கையில் அதைச் சுமக்கிறவன் பின்வாசலில் நுழைய மாட்டான். எழுதினால்தானே திருடுவார்கள், எழுதவே மாட்டோம். செயற்குழுவில் இதை முன்மொழிந்தது யார்? நான். வழிமொழிந்தது யார்? இந்த மேடை.

குடியாத்தத்திலிருந்து கங்காதரன் என்பவரை வரவழைத்தோம். பேட்டரியில் ஓடும் மெஷினைத் தூக்கிக்கொண்டு, தேர் ஓடும் ஊரெல்லாம், மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் ஆற்றங்கரையெல்லாம் போய் உட்கார்ந்து பச்சை குத்துகிறவர். மே முதல் தேதி காலை ஏழு மணிக்கு வந்தார். பாயை விரித்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். எட்டு ஊசிகளை எடுத்து வரிசையாக வைத்தார். கடைசியாகப் பையிலிருந்து நீளமான ஒரு நோட்டையும் கைரேகை வாங்கும் மை டப்பாவையும் எடுத்தார்.

எதற்கு இந்த நோட்டு என்று கேட்டேன்.

"பேரு, ஊரு, இன்னா குத்தினேன், எந்தக் கை, கூட யாரு வந்தாங்க, குத்திக்கறவங்க அவங்க வாயால சரின்னாங்களா. எழுதி ரேகை வாங்கிப்பேன் தம்பி. பின்னால எதுனா ஒண்ணுன்னா ஆளத் தேடிப் போவணுமில்ல?"

"மூடுய்யா அத" என்றேன்.

நான்தான் சொன்னேன். நாலாம் வகுப்போடு நின்ற மனிதர் நோட்டைத் திறந்தார். வாணியம்பாடிக் கல்லூரியில் பி.ஏ. படித்த நான் அதை மூடச் சொன்னேன்.

ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும் என்றார் அவர். நூற்று எண்பது பேருக்கு ஒரே நாளில் ஆகாது, மூன்று நாள் வேண்டும் என்றார். ஐந்து மணிக்கு மே தின ஊர்வலம் என்றோம். ஊர்வலத்தில் உயரும் கைகளெல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றோம். பதினொரு மணிக்கு ஸ்டவ்வில் எண்ணெய் தீர்ந்தது. கேட்டார். வாங்கிவர ஓர் ஆள் எழவில்லை. துணியால் துடைத்துவிட்டுக் குத்து, நேரமாகிறது என்றோம். துடைத்தார், குத்தினார். மெஷினைக் கட்டிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. அது அவர் குற்றம். அதை அவர் என்னிடம் மறுக்கவும் இல்லை. ஆனால் அவசரம் யாருடையது? ஆணவம் யாருடையது?

என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். "நீ இன்னா பண்ணிக்கினு இருந்த" என்று கேட்கிறார்கள் தாய்மார்கள் பக்கத்திலிருந்து. கேட்க வேண்டிய கேள்வி அம்மா. நான் வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். தயங்கியவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தேன். அதற்குத்தான் வருகிறேன்.

அன்றைக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஒருவர் கையை நீட்டிக்கொண்டு, "பாத்து குத்துய்யா, கத்தி போடறேன்னு முதலாளி மூக்கப் போட்டுறப் போற" என்றார். பாய் குலுங்கியது. திருவிழாபோல இருந்தது.

வரிசை பாஷா பாயிடம் வந்தது. "எங்க மார்க்கத்துல இது ஆகாது தம்பி. சங்கம் என் நெஞ்சுல இருக்குது, தோல்ல வேணாம்" என்றார். உடனே விட்டோம். மரியாதையோடு விட்டோம். அவருக்காகவும் அவர் பின்னால் இருந்த நாற்பது பேருக்காகவும் வழிவிட்டு நாற்காலி போட்டோம். அது சரிதான். அதில் எனக்கு வெட்கமில்லை.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து ஜெயம்மாள் வந்தாள். உலர்த்தும் களத்தில் வேலை செய்தவள். பெண்களில் முதன்முதலாகச் சந்தா கட்டியவள். அவளும் அதையேதான் சொன்னாள்.

"எனக்கு வேணாம்ண்ணா. சந்தா கட்றேன், கூட்டத்துக்கு வர்றேன், ஊர்வலத்துல முன்னால நடக்கறேன். கையில மட்டும் வேணாம்."

ஏன் என்று கேட்டேன்.

"ஏன்னு தெரியல. வேணாம்."

தோழர்களே, பாஷா பாயின் 'வேண்டாம்' நமக்குப் புரிந்தது. ஏன் புரிந்தது? அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மார்க்கம் நின்றது, ஒரு தெரு நின்றது, நாற்பது உறுப்பினர்கள் நின்றார்கள். ஜெயம்மாளின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நின்றார்கள்? ஜெயம்மாள் நின்றாள். அவள் மட்டும் நின்றாள். தன் தோலைப் பற்றித் தான் சொல்வதற்குக் காரணம் எதற்கு? காட்டுவதற்குச் சாட்சி எதற்கு? துணைக்கு ஒரு தெரு எதற்கு?

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னாம்மா, நாளைக்கே முதலாளி வூட்டுக்கு வேலைக்குப் போற ஐடியாவா?" என்றேன். வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவள் முகம் கறுத்தது. உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. நான் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து மெஷினுக்குக் கீழே வைத்தேன். கங்காதரன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரின்னு சொல்லலையே தம்பி" என்றார். "உக்காந்துட்டா இல்ல, குத்து" என்றேன்.

உட்கார்ந்தாள். அது சம்மதமா? சிரிப்புக்குப் பயந்து மடங்கிய முழங்கால் சம்மதமா? நான்கு பேர் பார்க்கிறார்கள் என்று மூடிய வாய் சம்மதமா? முதலாளி வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினால் மோசடி என்று இதே மைக்கில் முழங்குகிறோமே, ஒரு பெண்ணின் மௌனத்தில் நாம் வாங்கிய கைநாட்டுக்கு என்ன பெயர்?

இதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அழுவதா சிரிப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மே மூன்றாம் தேதி வேலைநிறுத்தம். நாற்பது நாள் தாங்கினோம். தோற்றோம். ஜூனில் தோல் ஷாப்புகளின் கதவு திறந்தது. காகிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை, நம்மை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்குப் போனோம். வாட்ச்மேன் நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. "பேரெல்லாம் வேணாம். கையக் காட்டு" என்றான்.

பட்டியல் வேண்டாம் என்று பயந்தோம். பட்டியலை எங்கே எழுதிவைத்தோம்? கையில். காகிதத்தைக் கிழிக்கலாம், எரிக்கலாம், ஒளிக்கலாம். கையை எங்கே ஒளிப்பது? ஆண்களுக்கு வழி இருந்தது. முழுக்கைச் சட்டை போட்டார்கள், பட்டனைப் போட்டார்கள், பாதிப் பேர் தப்பித்து உள்ளே போனார்கள். பெண்கள் என்ன போடுவார்கள்? ரவிக்கைக்கு ஏது முழுக்கை? முந்தானையால் மூடிக்கொண்டு போனாள் ஜெயம்மாள். காற்றடித்தது, முந்தானை விலகியது. போ வீட்டுக்கு என்றான். நம் கோழைத்தனத்துக்குச் சட்டைக் கை இருந்தது தோழர்களே, அவள் தைரியத்துக்கு அதுகூட இல்லை.

ஆகஸ்டில் அவளுக்குப் பசி போனது. பிறகு கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அவள் கூலி நின்றுபோன வீடு, வேலூருக்குக் கூட்டிப்போகத் தாமதமானது. கூட்டிப்போனபோது அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அருணகிரியோடு நானும் போயிருந்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். எப்போது குத்தியது, எங்கே குத்தியது, எப்படிக் குத்தியது என்று கேட்டார். சொன்னேன்.

"அதே ஊசியில வேற யாருக்குக் குத்தினாங்க?"

நிறையப் பேருக்கு என்றேன்.

"நிறையன்னா எத்தனை?"

"நூத்தி நாப்பது இருக்கும் டாக்டர்."

"இருக்கும்னா? லிஸ்ட் இல்லையா?"

இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் காமாலை ரத்தத்தில் பரவுகிறது என்றார். ஒருவரைத் தொட்ட ஊசி அடுத்தவரைத் தொட்டால் போதும். கண் மஞ்சளாகாமலே ஒருவர் உடம்பில் இருக்கும், அவரிடமிருந்து மனைவிக்குப் போகும், கணவனுக்குப் போகும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பிரசவத்தில் போகும் என்றார். அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவர் யார், பின்னால் உட்கார்ந்தவர் யார், பெயரைக் கொடுங்கள், ரத்தம் பார்க்கிறேன், கர்ப்பிணிகளை முதலில் அனுப்புங்கள் என்றார். அவர் கேட்டது மருந்தல்ல, பணமல்ல. ஒரு நோட்டு.

நான்காம் நாள் ஜெயம்மாள் இறந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அருணகிரி என்னிடம் ஒன்று கேட்டார். அவர் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர், உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை.

"தொட்டில ஒரு தோலு கெட்டுப்போச்சின்னா, அது எந்த லாட்டுன்னு பாத்து, கூட வந்த தோலெல்லாம் தனியா எடுத்து வெச்சிர்றோம். என் பொண்டாட்டி எந்த லாட்டுடா?"

பதில் சொல்லுங்கள். யாராவது சொல்லுங்கள். ஆம்பூருக்குள் ஓர் ஆட்டுத்தோல் வந்தால் அது எந்தச் சந்தையில் வாங்கியது, எந்தத் தேதியில் சுண்ணாம்பில் இறங்கியது, எந்தத் தொட்டி, யார் சீவினார், எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. செத்த ஆட்டுக்கு அத்தனை எழுத்து. உயிரோடிருந்த ஜெயம்மாளுக்கு ஓர் எழுத்து உண்டா? முதலாளி எழுதவில்லை என்று முழங்க முடியாது. நாம் எழுதவில்லை. எழுத வந்தவரையும் தடுத்தோம்.

குடியாத்தம் போனேன். தறி ஓடும் சத்தத்துக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. ஜெயம்மாள் இறந்ததைச் சொன்னேன். கங்காதரன் உள்ளே போய் நோட்டுகளை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். பதினொரு வருஷத்து நோட்டுகள். புரட்டினேன். திமிரி தனபாக்கியம், வலது கை, புருஷன் பேர், கூட வந்தது நாத்தனார், அவளே சரி என்றாள், பக்கத்தில் ரேகை. கணியம்பாடி வீரபாகு, மார்பு, வேல், அவரே சரி என்றார், பக்கத்தில் ரேகை. ஒரு பக்கத்தில் ரேகை இல்லை. "பொண்ணு வேணாம்னு அழுதுச்சி. மாமியார் திட்டினாங்க. குத்தல. திருப்பி அனுப்பிட்டேன்" என்று மட்டும் இருந்தது.

கடைசி நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மேலே 1-5-82 என்று தேதி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கோடு போட்ட வெறும் தாள்.

"தேதி போட்டேன். அப்பதான் நீ மூடச் சொன்ன" என்றார்.

மாமியாரின் வசவுக்கு மடங்காத மனிதரை மடக்கியது சங்கம். திருவிழாவில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை, தொழிலாளியின் உரிமைக்காக உயிரையும் தருவோம் என்கிற இடத்தில் கிடைக்கவில்லை. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

இப்போது நான் நோட்டை எடுத்தேன். காலம் கடந்து எடுத்தேன். பத்து நாள் தெருத்தெருவாகப் போனேன். யார் யார் பாயில் உட்கார்ந்தீர்கள், உங்களுக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று கேட்டேன். கதவைச் சாத்தினார்கள். "பேரு எழுத வந்துட்டான்யா, மறுபடியும் பேஜாரு" என்றார்கள். மே மாதம் என்னோடு கையை உயர்த்தியவர்கள், என்னைக் கண்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். ஒருவர் தோல் ஷாப்பு ஆசிட்டை ஊற்றிச் சின்னத்தை அழித்திருந்தார். சின்னத்தோடு சதையும் போயிருந்தது. அவரும் "நான் குத்திக்கவே இல்ல" என்றுதான் சொன்னார். நூற்று நாற்பதில் முப்பத்தொரு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். முப்பத்தொன்றில் ரத்தம் பார்க்கப் போனவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் இரண்டு பேர் உடம்பில் அது இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. அந்த அளவுக்காவது கற்றுக்கொண்டேன்.

நான் ரத்தம் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை. ஏன் தெரியுமா? நான் முதல் ஆள். எனக்கு இறங்கியது கொதிக்க வைத்த புது ஊசி. தலைவர் இரண்டாவது. இந்த மேடையில் சின்னம் குத்திக்கொண்ட எல்லோரும் முதல் பத்துக்குள். முன்னால் நின்று வழிகாட்டினோம் என்று பெருமையாகப் பேசினோமே, முன்னால் நின்றவனுக்குச் சுத்தமான ஊசி, பின்னால் வந்தவளுக்கு மிச்சம். தலைமை என்றால் இதுதான் போலிருக்கிறது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "போதும், படத்தைத் திறக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. அண்ணே, இதை மட்டும் காகிதத்தில் எழுதிவிட்டீர்களே. படம் எங்கும் போகாது. கொஞ்சம் பொறுங்கள்.

தோழர்களே, இனிமேல் யாருடைய தோலில் எது எழுதினாலும் அவரவர் வாயால் சரி என்று சொன்ன பிறகுதான், பெயரும் தேதியும் எழுதிய பிறகுதான், ஊசி கொதித்த பிறகுதான் என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகத் தலைவர் மேசையில் இருக்கிறது. அதை நிறைவேற்றுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நிறைவேற்றினாலும் ஜெயம்மாள் வரப்போவதில்லை. வரப்போகிறவர்கள் வேறு பேர். நம் பெண்களின் வயிற்றில் இருக்கிறார்கள்.

மழை வரும்போல் இருக்கும் இந்த மாலையில், தோற்றுப்போன ஒரு சங்கத்தின் கூட்டத்துக்கு வந்து, திட்டு வாங்கியும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். என் பேச்சு முடிந்தது. கேட்க ஒன்றுதான் பாக்கி.

ஸ்டவ் அணைந்த பிறகு, ஜெயம்மாளின் கையிலிருந்து எடுத்த ஊசி அடுத்து ஒரு கையில் இறங்கியது. அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு நினைவில்லை; நான் அப்போது அடுத்த ஆளைக் கேலி செய்யப் போய்விட்டேன். அவர் இங்கே இருக்கிறார். இல்லாவிட்டால் அவர் வீட்டார் இருக்கிறார்கள். முதலாளியின் ஆட்கள் பார்க்கிறார்கள், தெரியும். கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். வேலூருக்கு நான் கூட வருகிறேன். டாக்டரம்மா யாரிடமும் சொல்ல மாட்டார். எழுந்து நில்லுங்கள்.

ஆண்கள் பக்கம்?

சரி. தாய்மார்கள் பக்கம்?

தலையைக் குனியாதீர்கள். நேரம் இருக்கிறது, நிற்கிறேன். ஜெயம்மாளுக்கு அடுத்து உட்கார்ந்தது யார்?

யார்?